தொதல் தொதலாகத் தெரிய: கடலோர வீட்டில் இனிப்புகளை அக்ரிலிக்கில் வரையும் முறை

தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் என்ற இனிப்பின் துண்டு ஒன்றை வரைந்து முடித்து நாலடி தள்ளி நின்று பார்த்தால், பெரும்பாலும் அது நனைந்த செங்கல்லாகத்தான் தெரியும். நிறம் சரியாகவே இருக்கும், பிசகியது பளபளப்பு. வெளிச்சம் ஒரு தின்பண்டத்தின் மேல் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் கண் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. தொதலில் வெளிச்சம் வழுக்கும். கருப்பட்டியில் அடங்கிப்போகும். கடலை மிட்டாயில் உள்ளே புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். தேன் மிட்டாயில் மேலே ஒட்டிய சீனியில் பட்டுச் சிதறும். இராமநாதபுரம் கடலோரத்துக் கீழக்கரைத் தொதல், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, பெட்டிக்கடைக் கடலை மிட்டாய், தேன் மிட்டாய் ஆகிய நான்கையும் ஒரே பலகையில் கொண்டுவருவதற்கான வழி இது.

இனிப்பு வரைவது புதிய பழக்கமல்ல. மாட்ரிட்டில் இருந்த ஹுவான் வான் டெர் ஹாமென் 1627-லேயே இனிப்புகளையும் மண்பாண்டங்களையும் மேடைப் படிகளில் அடுக்கி வரைந்திருக்கிறார். இன்றைய பாணிக்கு வழி போட்டவர் அமெரிக்கரான வெய்ன் தீபோ (1920–2021). 1963-இல் அவர் வரைந்த 13 கேக்குகள் கொண்ட பெரிய ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் கிரீம் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைக் கிரீம் போலவே தடவியிருப்பார். பின்னணி வெறுமை, நிழல் கறுப்பாக இல்லாமல் நீலமாக விழும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இந்த மூன்றும்தான். கேக்கை அல்ல.

பலகையும் பெயின்ட்டும்

கடைகளில் விற்கும் கேன்வாஸ் போர்டு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அப்பளம் போல் வளையும். 6 மி.மீ. ப்ளைவுட்டில் 10 அங்குலத்துக்கு 12 அங்குலம் வெட்டி வாங்குவது நல்லது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை முன்பக்கம் இரண்டு கோட், பின்பக்கம் ஒரு கோட் அடியுங்கள். நான்கு ஓரங்களையும் விடாதீர்கள். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாகும். முதல் கோட் குறுக்காக, இரண்டாவது நெடுக்காக. காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அதன்மேல் பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீரில் கரைத்து, துணியால் துடைத்த மாதிரி மெல்லிய பூச்சு. வெள்ளைத் தரையில் தொடங்கினால் பழுப்பு நிறங்கள் எல்லாமே இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். பயந்து வெள்ளை கலப்பீர்கள். தொதல் அங்கேயே சாம்பல் பூத்துவிடும்.

நிறங்கள் எட்டு போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன், கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன் நீலம். கறுப்பு டியூபைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். அம்பரும் அல்ட்ராமரீனும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கறுப்பு கிடைக்கும். கிரிம்சன் வாங்கும்போது டியூபின் பின்னால் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 (PR83) என்றிருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும், பி.வி. 19 (PV19) நிற்கும். ஃப்ளோரசன்ட் ரோஸ் இன்னும் மோசம். பஞ்சு மிட்டாய் நிறத்துக்கு அதுதான் பொருத்தம் என்று கை போகும். ரோடமைன்-பி என்ற நச்சுச் சாயம் கலந்ததற்காகத் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது அந்த ரோஸ் பஞ்சு மிட்டாய். டியூபில் வரும் ஃப்ளோரசன்ட் ரோஸும் பெரும்பாலும் சாயம்தான், சுவரில் மாட்டிய கொஞ்ச காலத்தில் வெளிறிப்போகும். பி.வி. 19-உடன் வெள்ளை சேர்த்தாலே போதுமான ரோஸ் வரும்.

அக்ரிலிக் இங்கே காயும் வேகம்தான் பெரிய தலைவலி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தட்டில் வைத்த பெயின்ட் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். ஒரு தட்டையான டிபன் டப்பாவில் பருத்தித் துணியை நாலாக மடித்துப் போட்டு, தளும்பாத அளவுக்கு நனைத்து, மேலே பட்டர் பேப்பர் விரியுங்கள். பெயின்ட்டை அதன்மேல் வையுங்கள். ஈரம் கீழிருந்து மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். மெழுகுத்தாள் உதவாது, ஈரம் ஊடுருவாது. இடையில் எழுந்து போனால் டப்பாவை மூடிவிடுங்கள். மறுநாள் காலையிலும் பெயின்ட் உயிரோடு இருக்கும். பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்ப்பவர்கள் பத்துப் பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கூடினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுவென்றிருக்கும், உப்புக் காற்றில் வரும் தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான்.

எதை, எப்போது வாங்குவது

எல்லாவற்றையும் இரட்டிப்பாக வாங்குங்கள்: பார்த்து வரைய அடுக்கி வைக்கும் மேடையில் ஒன்று, டப்பாவில் ஒன்று. மேடையில் இருப்பது மாறிக்கொண்டே இருக்கும்.

தொதல் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது. கடைசியில் தேங்காயெண்ணெய் பிரிந்து நிற்கும். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும் உறையும். நம் கடற்கரையில் அது எப்போதும் உருகியே இருக்கிறது, அதனால்தான் அந்தப் பளபளப்பு. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், ஒரு மணி நேரம் வெளியே வைத்தாலொழிய தெளியாது. நறுக்கும் கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். புதிதாக நறுக்கிய முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். நேரம் போகப் போக எண்ணெய் கசிந்து அடியில் தேங்கும். அந்தத் தேங்கலும் அழகுதான், தட்டில் தொதலின் நிழலுக்குள் ஒரு சின்ன வெளிச்சக் கோடு கிடைக்கும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

கருப்பட்டி, சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைவட்டமாக இருக்கட்டும். பதநீர்க் காலத்தில் வந்தது உலர்ந்து, மங்கலாக, வரைய ஏற்றதாக இருக்கும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும். வியர்த்த கருப்பட்டி தொதலைப் போலவே பளபளக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் போய்விடும். மழைக் காலத்தில் வரைவதானால் அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்து, அமரும்போது மட்டும் எடுங்கள். ஒரு கருப்பட்டியை உலக்கையால் ஒரு தட்டுத் தட்டி உடைத்து வையுங்கள். உடைந்த முகம் வெளிறிய பொன்பழுப்பில், சொரசொரப்பாக இருக்கும். அது இல்லாவிட்டால் முழுக் கருப்பட்டியைப் பார்ப்பவர்கள் கூழாங்கல் என்றுதான் நினைப்பார்கள்.

பஞ்சு மிட்டாயை மேடையில் வைக்கவே வேண்டாம். கடலோர ஈரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிப்போகும். போட்டோவிலிருந்துதான் வரைய முடியும்.

எறும்பு

இதற்குத் தனித் தலைப்பு வேண்டியிருக்கிறது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கனமான டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் வேறொரு பலகையை மேடையாக வைத்து, அதில்தான் இனிப்பை அடுக்க வேண்டும். மேடையின் எந்த ஓரமும் சுவரையோ திரையையோ தொடக்கூடாது. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு விடுங்கள். இல்லாவிட்டால் மேலே படியும் தூசியையே பாலமாக்கிக்கொண்டு எறும்பு வந்துவிடும். எறும்புச் சாக்பீஸ் கோடு வேண்டாம், அது விஷம், அதன் பொடி காற்றில் பறந்து இனிப்பிலும் தூரிகையிலும் ஏறும். எழுந்து போகும்போது ஈ மொய்க்காமல் வலைக்கூடையால் மூடுங்கள். கூடை பட்டு உங்கள் அமைப்பு நகர்ந்துவிட்டால் திரும்ப அதே இடத்தில் வைக்க, ஒவ்வொரு பொருளின் அடியையும் பென்சிலால் குறித்து வைத்திருங்கள்.

வடக்கு ஜன்னல் இங்கே வேலைக்காகாது

ஓவியம் கற்றுத்தரும் எல்லா இடத்திலும் வடக்கு ஜன்னல் வெளிச்சமே சிறந்தது என்பார்கள். ஐரோப்பாவில் உண்மை, அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. இராமேஸ்வரம் கிட்டத்தட்ட 9.3 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். உச்சிப் பொழுதில் வெயிலைக் கூரையின் இறவாரம் தடுத்துவிடும். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில்தான் நேராக உள்ளே விழும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை இப்படித்தான். ஆக, வடக்கு ஜன்னல் நம்பகமாக இருப்பது அக்டோபரிலிருந்து மார்ச் பாதி வரைதான். மற்ற மாதங்களில் ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள். வெயில் மெத்தென்ற வெளிச்சமாக மாறும்.

இன்னொன்று, வாசலில் வெள்ளை மணல் முற்றம் இருந்தால் அங்கிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கதவு வழியாகக் கீழிருந்து மேலாக வந்து எல்லா நிழலையும் கரைத்துவிடும். கதவைச் சாத்துங்கள்.

இரவில் வரைபவர்களுக்கு 9 வாட் எல்.இ.டி. ஒன்று, 4000 முதல் 5000 கெல்வினுக்குள், இடப்பக்கம் மேலிருந்து 45 பாகையில், இனிப்பிலிருந்து இரண்டரை அடியில். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 6500 கெல்வின் பல்பில் பழுப்பெல்லாம் செத்துப்போகும். வரையும் பலகைக்கும் அதே வகை வெளிச்சம்தான் விழ வேண்டும். மேடைக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று என்றால் மறுநாள் பகலில் படத்தைப் பார்க்கவே பிடிக்காது.

அடுக்கி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அது பொருள்களின் இடத்துக்கும் மினுக்கத்தின் வடிவத்துக்கும் மட்டுமே ஆதாரம். நிறத்துக்கு அதை நம்பாதீர்கள். போன் கேமரா நிழலைத் தூக்கிக் காட்டும், பழுப்பைச் சிவப்பாக்கும்.

அமைப்பு

பார்வைக் கோணம் மேலிருந்து 30 பாகை அளவில் இருக்கட்டும். பொருளின் மேல்முகமும் பக்கமுகமும் சேர்ந்து தெரிந்தால்தான் கனம் வரும். ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் தொதல், மேடையில் நேராக நாலைந்து தேன் மிட்டாய், பிரித்த காகிதத்தின் மேல் கடலை மிட்டாய். எவர்சில்வர் தட்டு நம் வீட்டுப் பண்டம்தான், ஆனால் முதல் படத்துக்கு வேண்டாம்: அறையில் உள்ள எல்லாவற்றையும், உங்கள் சட்டையையும் சேர்த்து, அது காட்டிக்கொண்டிருக்கும். பின்னால் சுவர் வெறுமையாக இருக்கட்டும். பெட்டிக்கடை பாட்டில்களைப் போல வரிசையாக வைத்தாலும் அழகு, ஆனால் வரிசையில் ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரே அளவாக இருந்தால் கண் அலுத்துவிடும். ஒன்றை மட்டும் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

ஓலைப் பின்னலை ஒவ்வொரு இழையாக வரையப் போகாதீர்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இழை காட்டினால் மிச்சத்தைப் பார்ப்பவர்கள் தாங்களே முடைந்துகொள்வார்கள்.

வரைவு, முதல் பூச்சு

பென்சிலில் வெளிக்கோடு போட்டதும், நிறம் தொடுமுன் மினுக்கங்களின் வடிவத்தைக் குறியுங்கள். தொதலின் மேல் தெரியும் மினுக்கம் ஜன்னலின் பிம்பம். வெயில் நகர்ந்தால் அதுவும் நகரும். நேரத்தோடு ஓடாமல், முதல் கால் மணி நேரத்தில் பிடித்ததை மட்டும் கடைசி வரை காப்பாற்றுங்கள். கருப்பட்டியின் மேல்முகம், தட்டு, கொட்டானின் வாய் மூன்றும் நீள்வட்டங்கள். ஒரே உயரத்தில் இருப்பவை ஒரே அளவுக்குத்தான் தட்டையாகும். ஒன்று மட்டும் அகன்றால் அந்தப் பொருள் முன்னால் கவிழ்வது போலிருக்கும்.

முதல் பூச்சு, அரை அங்குலத் தட்டைத் தூரிகையில், மூன்றே அழுத்தம்: வெளிச்சம், நடு, நிழல். கண்ணை இடுக்கிப் பாருங்கள், சில்லறை விவரமெல்லாம் மறையும். கலவைகள் இப்படி:

தொதலின் உடலுக்கு அம்பர் 3 பங்கு, கிரிம்சன் 1, அல்ட்ராமரீன் அரை. நிழல் பக்கத்துக்கு அதே கலவையில் அல்ட்ராமரீன் இன்னும் 1. கருப்பட்டிக்கு அம்பர் 2, சியன்னா 1, ஓக்கர் அரை, வெள்ளை ஒரு துளி. அந்தத் துளி வெள்ளைதான் மங்கலைத் தரும். தேன் மிட்டாய்க்கு வெர்மிலியன் 2, லெமன் மஞ்சள் 1. நிழலுக்குக் கிரிம்சனும் சியன்னாவும். பீங்கான் தட்டின் நிழலுக்கு வெள்ளை 8, அல்ட்ராமரீன் 1, சியன்னா அரை.

பங்குகள் தொடக்கத்துக்குத்தான், கம்பெனிக்குக் கம்பெனி டியூபின் வீரியம் மாறும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், ஈரத்தில் பால் போலிருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால். எல்லாப் பழுப்பையும் கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு இழை வெளிச்சமாகக் கலந்து, ஜெஸ்ஸோ அடித்த துண்டு அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுப் பலகைக்குப் போங்கள்.

நான்கு மேற்பரப்புகள்

தொதலுக்குத் தூரிகையை வைத்துவிட்டு, பெயின்ட் தடவும் நைஃபை எடுங்கள். பெயின்ட்டைக் கெட்டியாக்கும் ஹெவி ஜெல் மீடியத்தையும் பெயின்ட்டையும் சரிபாதியாகக் கலந்து, நறுக்கிய முகத்தில் ஒரே இழுப்பில், கத்தி போன திசையிலேயே இழுங்கள். இரண்டாவது முறை அதே இடத்தில் கை வைத்தால் மேடு பள்ளமாகி வழுவழுப்புப் போய்விடும். பிடிக்காவிட்டால் முழுதும் சுரண்டியெடுத்து மறுபடி ஒரே இழுப்பு. மினுக்கம் கடைசியில். அது சுத்த வெள்ளை அல்ல, வானத்தின் பிம்பம். வெள்ளையில் துளி அல்ட்ராமரீன். ஓரம் கூர்மையாக, துண்டுக்கு இரண்டு இடம், அதிகம் போனால் மூன்று. ஐந்தாறு வைத்தால் தொதல் பிளாஸ்டிக்காகிவிடும். முந்திரிப் பருப்பு தென்பட்டால், அதைப் பழுப்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வெளிறிய ஓக்கரில் புதைத்து, மேலே மெல்லிய பழுப்பைத் தேய்த்துவிடுங்கள். பருப்பு மேலே ஒட்டியதாகத் தெரியாமல் உள்ளே இருப்பதாகத் தெரியும்.

கருப்பட்டியில் மினுக்கமே கிடையாது. ஓரங்களை மெத்தென்று விடுங்கள். காய்ந்த தூரிகையில் ஓக்கரும் வெள்ளையும் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, உடைந்த முகத்தின் மேல் லேசாக இழுங்கள். சொரசொரப்பு தானாக வரும். அடியில் கொட்டானின் ஓலை நிறம் எதிரொளிக்கும். நிழல் பக்கத்தின் கீழ் விளிம்பில் அந்த வெளிறிய மஞ்சளை ஒரு கோடு வைக்காவிட்டால் கருப்பட்டி கொட்டானுக்குள் உட்காராது, அந்தரத்தில் நிற்கும்.

கடலை மிட்டாய்தான் கடினம், நேரமும் அதிகம் தின்னும். நேராகப் பழுப்பில் தொடங்கினால் தோற்றீர்கள். முதலில் அந்த இடத்தை வெள்ளையால் மூடி, அதில் கடலைப் பருப்புகளை வெளிறிய ஓக்கரில் பாதி பாதியாக வரைந்து முழுதாகக் காயவிடுங்கள். பிறகு பளபளப்புத் தரும் கிளாஸ் (gloss) மீடியம் 5 பங்கு, சியன்னா 1, மஞ்சள் ஓக்கர் துளி கலந்து கண்ணாடிப் பூச்சாக மேலே ஓட்டுங்கள். காய்ந்ததும் மறுபடி. மூன்று அல்லது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் பருப்புகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தில் கூடுதலாகத் தேங்கட்டும். இதற்குத் தண்ணீர் கலக்கக்கூடாது, திட்டுத்திட்டாகக் காயும். இப்போது முக்கியமான இடம்: பாகு ஒளி ஊடுருவும் பொருள். விளக்கு இடப்பக்கம் இருந்தால் மினுக்கம் இடப்பக்க மேல் ஓரத்தில். பாகு உள்ளிருந்து ஒளிர்வதோ வலப்பக்கக் கீழ் ஓரத்தில். சாதாரணமாக நிழல் வைக்கும் அந்த இடத்தில் ஆரஞ்சு வைக்க வேண்டும். கை தயங்கும். வைத்துப் பாருங்கள். தரையில் விழும் நிழலின் நடுவிலும் அதே ஆரஞ்சு மங்கலாகத் தெரியும்.

தேன் மிட்டாய்க்கு உருண்டையை வழக்கம்போல் வரைந்து காயவிட்டு, காய்ந்த தூரிகையில் வெள்ளையைத் தொட்டு வெளிச்சப் பக்கத்தில் மட்டும் சீனி தூவுவது போல் ஒத்துங்கள். நிழல் பக்கத்துச் சீனிக்கு வெள்ளை வேண்டாம், இளஞ்சிவப்பு. ஒன்றைக் கடித்து வைத்தால் உள்ளே பாகு தெரியும். அங்கே கடலை மிட்டாயின் விதி பொருந்தும்.

நிழல்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளாமல் இடையிடையே பாருங்கள். தீபோவைப் போல நிழலின் விளிம்பில் நீலமும் ஆரஞ்சும் மெல்லிய கோடாக ஓட்டலாம்; ஒரு படத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் போனால் ஃபேன்சி ஸ்டோர் விளக்காகிவிடும்.

பிசகினால்

பழுப்புகள் சேறாகிவிட்டதா? நாலு நிறத்துக்கு மேல் ஒரே கலவையில் போட்டிருப்பீர்கள், அல்லது தூரிகை கழுவும் தண்ணீரை மாற்றியிருக்க மாட்டீர்கள். மினுக்கம் சுண்ணாம்புப் பொட்டாகத் தெரிகிறதா? சுற்றியுள்ள நிறம் போதிய அளவு கறுப்பாக இல்லை. மினுக்கத்தை வெளுக்காமல் சுற்றத்தைக் கறுப்பாக்குங்கள். எல்லா இனிப்பும் ஒரே பொருளால் ஆனது போலிருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே ஓரம் வைத்திருக்கிறீர்கள்: தொதலுக்குக் கூர்மை, கருப்பட்டிக்கு மெத்து, கடலை மிட்டாய்க்கு உடைந்தது.

முடித்த பிறகு

கனமாகப் பெயின்ட் வைத்த படத்தை இரண்டு வாரமாவது விட்டுவிட்டுத்தான் வார்னிஷ் அடிக்க வேண்டும். மேல்தோல் காய்ந்தாலும் நைஃபால் இழுத்த தொதலின் உள்ளே ஈரம் இருக்கும். அடிக்கும் முன், உப்புப் படிந்திருக்கும் என்பதால் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். மழை நாளில் வார்னிஷ் அடித்தால் பால் கலந்தது போல் மங்கிவிடும். வெயில் ஏறிய காலை பத்து மணிக்கு மேல், காற்று அடங்கிய அறையில் அடியுங்கள். படம் முழுவதும் கிளாஸ் வார்னிஷ் அடித்தால் கருப்பட்டியும் மினுங்கத் தொடங்கிவிடும். பொதுவாகப் பாதிப் பளபளப்புள்ள சாட்டின் வார்னிஷ் அடித்துவிட்டு, தொதலிலும் கடலை மிட்டாய்ப் பாகிலும் மட்டும் சின்னத் தூரிகையால் கிளாஸ்.

அக்ரிலிக் சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தொதல் அடுத்த படத்தோடு போகும். செய்தித்தாள் சுற்றினால் எழுத்து அச்சாகும். நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து இடைவெளி விட்டு அடுக்குங்கள். மாட்டும் கொக்கியும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், இரும்பு என்றால் ஒரே மழைக்காலத்தில் துரு சுவரில் வழியும். மேடையில் இருந்த இனிப்பைத் தின்ன வேண்டாம், தூரிகைத் தண்ணீர் தெறித்திருக்கும். டப்பாவில் வைத்த இரண்டாவது பங்கு அதற்குத்தான்.